கல்லறைப் பூவும் கசகசாச் செடியும்

நித்தியகல்யாணிச் செடியை அறியாதார் நம்மில் இரார். எங்கள் கொடைரோட்டுப் பகுதியில் உள்ள கல்லறைத் தோட்டங்களில் அது யாரும் விதைக்காமலே முளைத்து, யாரும் நீர் ஊற்றாமலே ஆண்டு முழுவதும் பூத்துக் கிடக்கிறது. சிறுமலையின் அடிவாரத்துச் செம்மண்ணும் கோடை வெயிலும் அதற்கு ஒரு பொருட்டன்று. சுடுகாட்டு மல்லி என்று மக்கள் அதற்கு இட்ட பெயரே அது வாழும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன்பாக நாங்கள் கல்லறைகளைச் சுத்தம் செய்யும்போது, மெழுகுதிரி ஏற்ற இடம் வேண்டுமென்று முதலில் பிடுங்கி எறிவதும் அந்தச் செடியைத்தான்.

அவ்வாறு எறியப்படும் செடியின் இலைக்குள், இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளைப் பிழைக்க வைக்கும் மருந்து ஒன்று இருக்கிறது. இது கட்டுக்கதை அன்று. உலக மருத்துவ நூல்கள் யாவும் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் இந்த உண்மையைக் கேட்டவுடன் நம் மக்கள் அடுத்து எழுப்பும் வினா ஒன்று உண்டு. "அப்படியானால் இலையை வீட்டிலேயே அரைத்துக் குடித்துவிடலாமே! மதுரைக்கும் சென்னைக்கும் ஏன் அலைய வேண்டும்?" புனித வின்சென்ட் தே பவுல் சபையினராக நோயாளர் இல்லங்களுக்குச் சென்று வரும் நாங்கள், இந்த வினாவைக் கேட்காத மாதம் இல்லை. கேட்பவர்கள் அறிவிலிகள் அல்லர். பாசத்தாலும் பணமின்மையாலும் பயத்தாலும் கேட்கிறார்கள். எனவே அவர்களுக்குச் சிரிப்பையோ சினத்தையோ பதிலாகத் தருவது முறையன்று. விளக்கமான பதிலைத் தருவதே கடமை.

முதலில் அந்தச் செடியின் வரலாற்றைக் காண்போம். நித்தியகல்யாணியின் தாயகம் மடகாஸ்கர் தீவு. அங்கிருந்து கப்பல்வழியே உலகின் வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. ஜமைக்காவில் அதன் இலையைக் கொதிக்க வைத்துச் சர்க்கரை நோய்க்குக் குடித்து வந்தனர். 1952இல் அங்கிருந்து ஒரு மருத்துவர் அந்த இலைகளைக் கனடா நாட்டு மருத்துவர் ஒருவருக்கு அனுப்பினார். பெற்றவர் அவற்றைத் தம் உடன்பிறந்தாரான ராபர்ட் நோபிள் என்னும் ஆய்வாளரிடம் தந்தார். நோபிளும் சார்லஸ் பியர் என்னும் வேதியியலாரும் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்ந்தபோது, வாய்வழியே தரப்பட்ட கஷாயம் சர்க்கரையைக் குறைக்கவில்லை. ஆனால் இலைச்சாற்றை ஊசி வழியே பெற்ற எலிகளின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்து போயிருந்தன. சர்க்கரைக்கு மருந்து தேடியவர்கள், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு மருந்தைக் கண்டார்கள். 1958இல் வின்பிளாஸ்டின் என்னும் கூட்டுப்பொருள் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தார் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டின் என்னும் மற்றொன்றையும் பிரித்தெடுத்தனர். 1963இல் அது மருந்தாக ஏற்கப்பட்டது.

புற்றணு இரண்டாகப் பிரிவதற்கு அதனுள் நுண்ணிய இழைகளால் ஆன கதிர் போன்ற அமைப்பு ஒன்று உருவாக வேண்டும். இந்த மருந்துகள் அந்த இழைகள் சேராதபடி தடுத்துவிடுகின்றன. அணு பிரிய இயலாமல் மடிகிறது. குழந்தைகளைத் தாக்கும் தீவிர இரத்தப் புற்றுநோய், 1950களில் ஏறக்குறைய உறுதியான மரணமாக இருந்தது. வின்கிறிஸ்டினை மற்ற மருந்துகளோடு சேர்த்துத் தரத் தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழாக மாறியது. முழுச் சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் இன்று பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

இனி, இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் என்ன என்னும் வினாவுக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டின் அதனினும் அரிது. அதே இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட வேறு காரப்பொருள்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பாதிப்பனவும் உண்டு. ஆகவே ஒரு குவளைச் சாற்றில் மருந்து எவ்வளவு, நஞ்சு எவ்வளவு என்று எவராலும் சொல்ல இயலாது. மருத்துவமனையிலோ வின்கிறிஸ்டினைப் பெரியவர் ஒருவருக்குப் பொதுவாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் தருவதில்லை. ஒரு கடுகின் எடை அளவே இருக்கும் அந்த மருந்தைக்கூட இரத்தக் குழாய் வழியே, மிகுந்த எச்சரிக்கையோடு ஏற்றுகிறார்கள். குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை வெந்து போகும். அளவு மிகுந்தால் கைகால் மரத்துப் போகும். இத்தகைய பொருளை அம்மியில் அரைத்துக் கைப்பிடி அளவில் கொடுப்பதை மருத்துவம் என்று எவ்வாறு சொல்வது?

நம் மலைகளும் இத்தகைய கதையை உடையனவே. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் மரம் ஒன்றிலிருந்து காம்ப்டோதெசின் என்னும் பொருளை 1972இல் பிரித்தெடுத்து அறிவித்தவர் டி.ஆர். கோவிந்தாச்சாரி. சென்னை மாநிலக் கல்லூரியின் முதல்வராக இருந்து பின்னர் பம்பாயில் ஆய்வு நடத்திய தமிழ்நாட்டு வேதியியல் மேதை அவர். அந்தப் பொருள் சீன நாட்டு மரம் ஒன்றிலிருந்து 1966இலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் அதை அப்படியே மனிதருக்குத் தந்து பார்த்தபோது சிறுநீரில் இரத்தம் வந்தது. அதன் அமைப்பைச் சற்றே மாற்றி, தாங்கக்கூடிய மருந்தாக ஆக்க 30 ஆண்டுகள் பிடித்தன. டோப்போடிகான், இரினோடிகான் என்னும் அந்த மருந்துகள் அமெரிக்காவில் 1996இல்தான் ஏற்கப்பட்டன. இதற்கிடையே நம் காட்டு மரமோ மூலப்பொருளுக்காக அளவு மீறி வெட்டப்பட்டு அருகிப் போனது.

சித்த மருத்துவத்தில் புற்றுக்குச் சொல்லப்படும் சேராங்கொட்டையையும் இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். சலவைத் தொழிலாளர் துணிக்குக் குறியிட்ட அதே கொட்டைதான். பச்சையாகப் பட்டால் தோல் கொப்பளிக்கும் என்பதனால், முறைப்படி சுத்தி செய்த பின்னரே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று சித்தர் மரபே கட்டளையிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சச்சிதானந்தமும் அவருடைய மாணவர்களும் அதன் பால்வடிவச் சாற்றைப் பல ஆண்டுகள் எலிகளிடம் ஆய்ந்து, ஈரல் கட்டிகளிலும் மார்புக் கட்டிகளிலும் அது நல்ல மாற்றங்களை உண்டாக்குவதைக் கண்டனர். போற்றத்தக்க உழைப்பு. ஆயினும் எலியிடம் கண்டது மனிதரிடம் மெய்ப்பிக்கப்பட்ட மருந்தாக இன்னும் ஆகவில்லை. மஞ்சளின் கதையும் இதுவே. ஆய்வுக்கூடக் குடுவையில் புற்றணுக்களைத் தடுக்கும் அதன் சாரம், உண்ணும்போது குடலில் மிகச் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. நம் சமையலுக்கும் காயத்துக்கும் அது நல்லது; புற்றைக் கரைக்கும் என்று நம்பி இருத்தல் ஆகாது.

அண்மைக் காலத்தில் முள்சீத்தாப் பழத்தைப் பற்றியும் அதன் இலையைப் பற்றியும் பெரும் பேச்சு எழுந்திருக்கிறது. புற்றுநோய் ஊசியைவிடப் பல்லாயிரம் மடங்கு வலியது என்றெல்லாம் அச்சிட்ட தாள்கள் கைமாறுகின்றன. கரீபியன் கடலின் குவாதலூப் தீவில், அந்தப் பழத்தையும் இலைத் தேநீரையும் மிகுதியாக உண்டவரிடையே நடுக்குவாத நோய்க்கு ஒப்பான நரம்புத் தளர்ச்சி கூடுதலாக இருப்பதை 1999இல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். பழத்தைச் சுவைக்காக உண்பது வேறு. அதையே சிகிச்சையாக்கி நாள்தோறும் குடம் குடமாகக் குடிப்பது வேறு. வாதுமை இனத்துப் பருப்பிலிருந்து எடுத்த லேட்ரைல் என்னும் பொருளும் ஒரு காலத்தில் இவ்வாறே கொண்டாடப்பட்டது. 1982இல் அமெரிக்காவில் 178 நோயாளருக்கு அதைத் தந்து பார்த்ததில் பயன் ஏதும் காணப்படவில்லை. சிலருக்கு இரத்தத்தில் சயனைடு ஏறியதே மிச்சம்.

நாம் தாவரங்களைப் பழிக்கவில்லை. பழிப்பது விவிலியத்துக்கே முரணாகும். எசேக்கியா அரசர் கொடிய கட்டியால் சாகும் நிலையில் கிடந்தபோது, இறைவாக்கினர் எசாயா இறைவாக்கு உரைத்ததோடு நில்லாமல் அத்திப் பழ அடையை எடுத்துக் கட்டியின் மேல் வைக்கச் சொன்னார். சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமோ, மண்ணிலிருந்து மருந்தை விளைவிப்பவர் கடவுளே என்றும், அறிவுடையோர் அதை வெறுத்து ஒதுக்கமாட்டார்கள் என்றும் கூறுகிறது. அதே அதிகாரம் மருத்துவரை மதிக்கும்படியும் அவருக்கு இடம் கொடுக்கும்படியும் வற்புறுத்துகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மருந்துச் செடியும் கடவுளின் கொடை. அதனுள் இருப்பதைப் பிரித்து, அளந்து, சோதித்து அறியும் மனித அறிவும் அவருடைய கொடையே. ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ளுவது கொடையைப் பாதியாக வெட்டுவதற்கு ஒப்பாகும்.

எங்கள் நிலையத்தில் இறங்கிச் செண்பகனூர் மலையேறிய சேசு சபைத் துறவியர் இந்த இரண்டையும் இணைத்தே வாழ்ந்தார்கள். பழனி மலையின் ஒவ்வொரு செடியையும் உலர்த்தி, பெயரிட்டு, ஏடுகளில் ஒட்டி வைத்தார்கள். அந்த மரபில் வந்த அருள்தந்தை கே.எம். மத்தேயு, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967இல் இராப்பினாட் தாவரக்கூடத்தை நிறுவினார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1999இல் வெளியிட்டார். 2004இல் இறைவனடி சேர்ந்தார். ஓர் இலையை நேசிப்பது என்றால் அதைச் சரியாக அறிவது என்பதே அவர்கள் விட்டுச் சென்ற பாடம்.

புற்றுநோயைப் பொறுத்தவரை காலம் கடத்துவதே பேரிழப்பு. சிகிச்சையை முற்றிலும் விலக்கி மாற்று வழிகளை மட்டும் நாடிய 281 நோயாளரை, வழக்கமான சிகிச்சை பெற்றோருடன் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. மாற்று வழியை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றில் அது ஐந்து மடங்குக்கும் மேல். அந்நாட்டுக் கணக்குத்தான் என்றாலும், நம் சிற்றூர்களில் நாங்கள் காண்பதும் அதுவே.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாயைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும். நிலக்கோட்டைச் சந்தையிலிருந்து மல்லிகையை வாங்கி வந்து, திண்ணையில் அமர்ந்து சரம் கட்டி விற்று மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். மார்பில் தோன்றிய கட்டியைக் கூச்சத்தால் யாரிடமும் சொல்லவில்லை. மகனுக்குத் தெரிந்தபோது, பக்கத்து ஊர் வைத்தியர் தந்த பச்சிலைப் பற்றும் குடிநீரும் ஆரம்பித்தார்கள். கட்டி உடைந்து புண்ணாகி வாடை வீசத் தொடங்கியது. "கெட்ட நீர் வெளியேறுகிறது, குணமாகிற அடையாளம்" என்றாராம் அவர். பத்து மாதங்கள் இவ்வாறு கழிந்தன. ஒரு நாள் முதுகு வலியால் எழவே முடியாமற் போனபோதுதான் பாசஞ்சர் ரயிலில் படுக்க வைத்து மதுரைக்குக் கொண்டு சென்றார்கள். நோய் முதுகெலும்பு வரை பரவிவிட்டது என்று அங்குச் சொன்னார்கள்.

நாங்கள் அந்த வீட்டுக்குச் சென்ற முதல் நாளில் அம்மா எங்களிடம் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். செபமாலை தலையணை அருகே கிடந்தது. மகன் வாசலுக்கு வந்து, "அண்ணே, குணமாகணும்னு இனி நான் கேக்கல. ராத்திரியில அம்மா கத்துறதை மட்டும் யாராச்சும் நிறுத்துங்க" என்றான். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் சீட்டைப் பார்த்தவுடனே, "இது போலீஸ் விவகாரம்" என்று திருப்பித் தந்துவிட்டார். அந்த மாத்திரையின் பெயர் மார்பின்.

வாசகர்களே, இதுவும் ஒரு மூலிகை மருந்துதான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? குருமாவுக்கு அரைத்து ஊற்றும் கசகசா இருக்கிறதே, அது எந்தச் செடியின் விதையோ அந்தச் செடியின் காயைக் கீறினால் வடியும் பாலே அபின். ஜெர்மனியில் செர்ட்டூர்னர் என்னும் இளம் மருந்தகப் பணியாளர் 1800களின் தொடக்கத்தில் அபினிலிருந்து தூக்கமும் வலிநீக்கமும் தரும் வெண்பொருளைப் பிரித்து, கிரேக்கரின் கனவுத் தெய்வத்தின் பெயரை அதற்கு இட்டார். செடியிலிருந்து ஒரு காரப்பொருள் தனியே பிரிக்கப்பட்டது அதுவே முதல்முறை. அதாவது நாம் இதுவரை பேசிய அத்தனை தாவர ஆய்வுக்கும் மூத்த பிள்ளை அது. அரசின் உரிமம் பெற்று மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அந்தச் செடி பயிராகிறது. உலகத்தின் வலிக்கு அபின் ஏற்றுமதி செய்த நாடு நம்முடையது. ஆனால் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால், அந்த நாட்டின் சொந்த நோயாளருக்கே மார்பின் எட்டாக்கனி ஆகிவிட்டது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் எளிதாக வாங்கி வைக்க வழி பிறந்தது. சட்டம் திருந்திய அளவுக்கு அச்சம் தீரவில்லை.

வீட்டிலிருந்தே பெறத்தக்க புற்றுநோய்ச் சிகிச்சை எது என்று எங்களைக் கேட்டால், பச்சிலைச் சாற்றை அல்ல, இந்த மாத்திரையையே காட்டுவோம். வாய்வழியாக, கடிகாரம் பார்த்து, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக என்பது உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த நெறி. வலி வந்த பிறகு கொடுப்பதன்று. வலி திரும்பும் முன்பே, சாதாரண மாத்திரையானால் நான்கு மணிக்கு ஒரு முறை தருவது. மலச்சிக்கல் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் உடன் தர வேண்டும். மருத்துவர் அளவிட்டுத் தரும்போது, வலிக்காக உண்பவர் போதைக்கு அடிமையாவது மிக அரிது. இலண்டனில் அருட்சகோதரிகள் நடத்திய தூய வளனார் இல்லத்தில் 1958 முதல் பணியாற்றிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், இந்த முறையை நோயாளரின் படுக்கையருகே அமர்ந்து கற்று, 1967இல் தனி இல்லம் ஒன்றை நிறுவினார். நம் பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993இல் மருத்துவர்கள் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய பணி, தொண்டர்கள் வீடு வீடாகச் செல்லும் இயக்கமாகக் கேரளம் எங்கும் பரவியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்போரைச் செவிலியர் இல்லம் சென்று பராமரிக்கும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

அந்தத் தாய்க்கு அங்கீகாரம் பெற்ற ஒரு மருத்துவமனையிலிருந்து மாத்திரை கிடைத்தது. ஆனால் வீட்டுக்குள்ளேயே இன்னொரு தடை எழுந்தது. உறவினருள் பக்தியுள்ள பெரியவர் ஒருவர், "ஆண்டவரைச் சிலுவையில் அறையும் முன் வெள்ளைப்போளம் கலந்த மதுவைக் கொடுத்தார்கள், அவர் குடிக்கவில்லையே! வலியை ஒப்புக்கொடுப்பதை விட்டுவிட்டு மயக்க மருந்தா?" என்றார். நல்ல மனத்தோடு கேட்கப்பட்ட கேள்வி. திருச்சபையில் பலருடைய உள்ளத்திலும் இருக்கும் கேள்வி.

இயேசு அந்த மதுவை மறுத்தது உண்மை. ஆனால் அது அவர் தம்முடைய வலியைக் குறித்துத் தாமே எடுத்த முடிவு. அடுத்தவருடைய வலியைக் கண்டபோது அவர் ஒருபோதும் பொறுத்துக்கொள் என்று சொல்லிக் கடந்து சென்றதில்லை, தொட்டு நீக்கினார். அவர் சொன்ன உவமையில் வரும் நல்ல சமாரியர், அடிபட்டவரின் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். ஒப்புக்கொடுத்தல் என்பது மனமுவந்து தரும் காணிக்கை. பிறர் ஒருவர் மேல் சுமத்துவது காணிக்கை ஆகாது. 1957 பிப்ரவரி 24ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மயக்கவியல் மருத்துவர்களிடையே பேசுகையில், கடும் வலியைத் தணிக்க இத்தகைய மருந்துகளைத் தருவது தகும் என்று தெளிவாக விடை கூறினார். வேறு வழியில்லாதபோது அதனால் ஆயுள் சற்றுக் குறையக்கூடும் என்றிருந்தாலும், சாவை நோக்கமாகக் கொள்ளாத வரை அது தவறன்று என்றும் விளக்கினார். 1984இல் துன்பத்தின் மீட்புப் பொருளைப் பற்றித் திருத்தூது மடல் எழுதிய புனித இரண்டாம் ஜான் பால், அதே மடலை நல்ல சமாரியரின் உவமையைத் தியானித்தே நிறைவை நோக்கிக் கொண்டு செல்கிறார். துன்பத்துக்கு மதிப்பு உண்டு என்று போதிக்கும் திருச்சபைதான் துன்பத்தைத் துடை என்றும் போதிக்கிறது.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் வாதமாக எடுத்து வைக்க நேரவில்லை. மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாளில் அவரே வந்து பார்த்தார். அம்மா இரவு முழுவதும் உறங்கியிருந்தார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த முகம் வாசற்பக்கம் திரும்பியிருந்தது. "அண்ணே, உக்காருங்க" என்றார். பங்குத்தந்தையை வரச் சொல்லி ஒப்புரவு அருளடையாளமும் நோயில் பூசுதலும் பெற்றார். "வலி இருந்தப்போ அருள் நிறைந்த மரியேன்னு தொடங்குவேன். அடுத்த வார்த்தை வராது. இப்போ ஐம்பத்து மூணு மணியும் ஓடுது" என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பெரியவர் கண் துடைத்துக்கொண்டார். செவிலியர் ஒருவர் புண்ணைக் கழுவி, வாடை போக மருந்துப்பொடி வைத்துக் கட்டும் முறையை மகளுக்குக் கற்றுத் தந்தார். வாடைக்கு அஞ்சி வராதிருந்த அக்கம்பக்கத்தார் மீண்டும் திண்ணைக்கு வந்தார்கள். சில நாள்கள் ஒரு முழம், அரை முழம் என்று பூக்கூடக் கட்டினார். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின், பிள்ளைகள் சுற்றியிருக்க, தம் சொந்த வீட்டில் அமைதியாகக் கண் மூடினார்.

அவர் நோயை எந்த மருந்தும் அந்நிலையில் குணமாக்கியிராது. ஆனால் பத்து மாதங்களுக்கு முன்பே கூச்சத்தையும் அச்சத்தையும் விட்டு மருத்துவரிடம் காட்டியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு நிறையவே இருந்திருக்கும். இதனை நினைக்கும்போது நம் திண்டுக்கல் மாவட்டமே உலகுக்குத் தந்த ஒரு சான்றை மறக்கலாகாது. ஒட்டன்சத்திரத்துக்கு அருகேயுள்ள அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையமும், லியோன் நகரத்துப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனமும், அடையாறு புற்றுநோய் நிலையமும் இணைந்து 2000ஆம் ஆண்டு முதல் இம்மாவட்டத்துப் பெண்களிடையே ஓர் ஆய்வை நடத்தின. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் வாழும் 114 பகுதிகளைச் சீட்டுக் குலுக்கும் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியரே செய்தனர். நம் சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். குறை இருக்கும் இடம் ஒரு நிமிட அளவில் வெண்மையாக மாறிக் காட்டிக்கொடுக்கும். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சோதனைக்கு வந்தார்கள். 2007இல் லான்செட் இதழில் வெளிவந்த முடிவு: சோதனை நடந்த பகுதிகளில் கருப்பை வாய்ப் புற்று 25 விழுக்காடும் அதனால் வரும் சாவு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

எளிய பொருள், ஊர்ச் செவிலியர், கூச்சத்தை வென்று வந்த கிராமத்துப் பெண்கள். இம்மூன்றும் சேர்ந்து இத்தனை உயிர்களைக் காத்தன. நம் தாய்மார்கள் செலவின்றிச் செய்துகொள்ளக்கூடிய மருத்துவம் இதுவே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்று இச்சோதனையும் மார்பகச் சோதனையும் செய்யப்படுகின்றன. ஆனால் வாய்ப்பு இருந்தும் போகாதோர் மிகுதி. நோன்பு காலத்தில் சிலுவைப்பாதைக்கு ஊரே திரண்டு வருகிறது. அதே பெண்களை ஒரு நாள் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்ல நம் அன்பியங்களால் இயலாதா?

எங்கள் அனுபவத்திலிருந்து பங்குகளுக்குச் சிலவற்றைச் சொல்லத் துணிகிறோம். நோயாளர் வீட்டில் பச்சிலை அரைக்கப்படுவதைக் கண்டால் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் கதவு சாத்தப்படும். மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்லும்படி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு முதன்முறை போகும்போது ஒருவர் உடன் செல்லுங்கள். எந்தச் சாளரத்தில் சீட்டு, எந்தக் கட்டடத்தில் சோதனை என்று தெரியாமல் திரும்பி வருவோரே பலர். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். வலி என்று நோயாளி சொன்னால் நம்புங்கள். மார்பின் எங்கே கிடைக்கும், வீடு தேடி வரும் செவிலியர் யார் என்பதைப் பங்கு அலுவலகத்தின் சுவரில் எழுதி வையுங்கள். பிப்ரவரி 11ஆம் நாள் உலக நோயாளர் தினத் திருப்பலியில் பழமும் ரொட்டியும் வழங்குவது நல்லது. அந்த மாதத்தின் மற்ற நாள்களில் புண்ணைக் கழுவ ஒருவர் போவது இன்னும் நல்லது.

நல்மரணத்தின் பாதுகாவலர் என்று புனித சூசையப்பரை நாம் அழைப்பதன் காரணம் யாவரும் அறிந்ததே. இயேசுவும் மரியாவும் இரு பக்கமும் அமர்ந்திருக்க, நாசரேத்தின் எளிய வீட்டில் அவர் உயிர் துறந்தார் என்பது திருச்சபையின் பழைய நம்பிக்கை. அங்கு அவருடைய வேதனையைத் தணிக்க என்ன மருந்து இருந்தது என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அவர் தனியாக விடப்படவில்லை என்பது மட்டும் உறுதி. இன்று நம் கையில் மருந்தும் இருக்கிறது, ஆளும் இருக்கிறோம். எங்கள் சபையில் நோயாளர் சந்திப்புக்கு வருவோர் தற்போது ஏழு பேர்; பங்கில் படுக்கையில் கிடப்போர் அதனினும் அதிகம். வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் கோவில் முற்றத்தில் கூடுகிறோம். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தர மனம் உள்ளவர் வரலாம்.